சடங்கறையில் ஒரு கொதிகலன்

2014 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வெப்பநிலை ஃபாரன்ஹீட் அளவையில் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது, வடமேற்குக் காற்று, வானம் தெளிவு. அந்நேரத்தில் அயோவா மாநிலம் கார்விக் நகரில், ஈட்டா உப்சிலான் ரோ மாணவர் சகோதரக் கழகத்தின் கிளை இல்லத்தில், கொதிகலன் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

இல்லத்தில் முப்பத்தொரு மாணவர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவனுக்கு மட்டுமே அது சொந்தப் பிரச்சினை. அவன் பெயர் வெஸ்லி ஹூக்ஸ்ட்ரா, வேளாண்மையில் இரண்டாம் ஆண்டு மாணவன், கிளையின் பொருளாளன். அப்பதவிக்கு அவன் போட்டியிடவில்லை. தேர்தல் நடந்த மாலையில் அவனுக்குக் காய்ச்சல். கூட்டத்துக்கு வராதவனைப் பொருளாளனாக்குவது எங்கள் கிளையின் வழக்கம். பதவியோடு ஓர் அறை வாடகையின்றிக் கிடைத்தது. அந்த அறை இருக்கும்வரை படிக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று பன்றிப் பண்ணை வைத்திருந்த அவன் தந்தை கிறிஸ்துமஸ் விருந்தின்போதே சொல்லியிருந்தார். சொன்ன பிறகு அவனுக்கு இன்னொரு துண்டு இறைச்சி பரிமாறினார் என்பதையும் வெஸ்லி என்னிடம் குறிப்பிட்டிருக்கிறான்.

நான் அப்போது கிளையின் செயலாளன். நடந்தவற்றை நடந்தவாறு எழுதுவது என் பணி.

கல்லூரியின் குடியிருப்பு அலுவலகம் அன்று பிற்பகலே அறிவிப்பு அனுப்பியது. வரும் திங்கட்கிழமை நண்பகலுக்குள் இல்லத்தின் உள்வெப்பம் ஃபாரன்ஹீட் அளவையில் அறுபது டிகிரியை எட்டாவிட்டால், அரையாண்டு முடியும்வரை இல்லம் பூட்டப்படும். மாணவர்கள் கல்லூரி விடுதிக்கு முழுக் கட்டணம் செலுத்தி இடம்பெயர வேண்டும். கட்டணம் மூவாயிரத்து நூறு டாலர். மற்ற முப்பது பேருக்கும் அது தந்தையர் எழுதும் ஒரு காசோலை. வெஸ்லிக்கு அது பன்றிப் பண்ணை.

பழுதுபார்க்கத் தொலைபேசியில் கேட்கப்பட்ட தொகை ஆயிரத்து எண்ணூற்று அறுபது டாலர். கிளையின் வங்கியிருப்பு நாற்பத்தோராயிரம். குறை பணத்தில் இல்லை என்பதை வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும்.

வெஸ்லி முதலில் செய்தது, அறிவுள்ள எவரும் செய்யக்கூடியது: கொதிகலன் பழுதுபார்ப்பவரை அழைத்தான். டார்லீன் குபாட் என்னும் அந்த அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். கருவிப் பெட்டியோடு வந்தவரை நிலவறைப் படிக்கட்டின் உச்சியில் கிளைத் தலைவன் சேஸ் கார்மைக்கேல் கைநீட்டித் தடுத்தான்.

"பாய்லர் எங்கப்பா இருக்கு?"

"கீழ. ஆனா நீங்க கீழ போக முடியாது மேடம்."

"அப்ப நீங்க தூக்கிட்டு மேல வர்றீங்களா?"

"அது எங்க சடங்கறை. உறுப்பினர் இல்லாத யாரும் உள்ள காலடி வைக்கக் கூடாது. ஆரம்பத்துலேர்ந்து அதான் விதி."

"போன தடவ யாரு ரிப்பேர் பண்ணா?"

"எங்க சகோதரர் ஒருத்தர். தத்துவம் படிச்சவர்."

"என்ன பண்ணாரு?"

"அவர் பண்ணதுதான் இப்ப நின்னுபோச்சு."

டார்லீன் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "அப்படி என்ன கண்ணு உள்ள வச்சிருக்கீங்க? பொணமா?"

"சொல்ல அனுமதியில்ல."

உள்ளே என்ன இருந்தது என்பதை எழுத எனக்கும் அனுமதியில்லை. விலையை எழுதலாம்: முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர், கழுவக்கூடிய திரைச்சீலை உட்பட.

வந்து நின்றதற்கான கட்டணமாகத் தொண்ணூற்றைந்து டாலருக்கு ரசீது எழுதி வெஸ்லியின் கையில் கொடுத்துவிட்டு டார்லீன் போய்விட்டார்.

மறுநாள் மாலை அவசரக் கூட்டம். கிளையின் கூட்டங்கள் சடங்கறையில்தான் நடைபெற வேண்டும். சடங்கு அங்கிதான் அணிய வேண்டும். அங்கி மெல்லிய பருத்தி. ஆங்காங்கே வைத்த சிறிய மின்சார ஹீட்டர்களால் மற்ற தளங்கள் நாற்பது டிகிரியில் நின்றன. நிலவறைக்கு அந்த வசதியும் இல்லை. நின்றுபோன கொதிகலனைச் சுற்றி அரைவட்டமாக அமர்ந்தோம். தொடக்க மௌனத்தின்போது ஒன்பது சகோதரர்களின் பற்கள் தந்தியடித்தன. மௌனத்தைக் கலைத்ததற்காக ஒவ்வொருவருக்கும் பத்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அங்கிக்கு மேல் குளிர்க்கோட்டு அணிந்திருந்த குற்றத்துக்கு வெஸ்லிக்கும் பத்து டாலர். அபராதம் வசூலிப்பது பொருளாளனின் கடமையாதலால், அவன் தன் பணப்பையிலிருந்து எடுத்துத் தன்னிடமே கொடுத்து, தனக்கு ஒரு ரசீதும் எழுதிக்கொண்டான். விறைத்த விரல்களால் எழுதியதில் கையெழுத்து சரியாக விழவில்லை என்று சேஸ் அதைத் திருப்பிக் கொடுத்தான்.

முதல் தீர்மானம்: வசந்தகால விருந்துக்குக் காற்றடைத்த நீர்ச்சறுக்கு ஒன்று வாடகைக்கு எடுப்பது, இரண்டாயிரத்து நானூறு டாலர். விவாதமின்றி, கைதட்டலுடன் நிறைவேறியது.

இரண்டாம் தீர்மானம்: கொதிகலன். சேஸ் சுத்தியலைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"சகோதரர்களே, நம்ம கழகம் நாலு தூண் மேல நிக்குது. சகோதரத்துவம், அறிவு, சேவை, பண்பு. நாம செலவழிக்கிற ஒவ்வொரு டாலரும் இதுல ஏதாவது ஒரு தூணுக்குக் கீழ வரணும். நீர்ச்சறுக்கு சகோதரத்துவம். அதுல யாருக்கும் சந்தேகமில்ல. பாய்லர் என்ன?"

"பாய்லர் பாய்லர்தான்டா," என்றான் வெஸ்லி.

"முறைப்படி பேசு சகோதரா."

"மாண்புமிகு தலைவரே, பாய்லர் பாய்லர்தான்டா."

ஒரு சகோதரன் அதை அறிவின் கீழ் வைக்கலாம் என்றான். குளிரில் படிக்க முடியவில்லை. முன்பும் அவன் படித்ததில்லை என்று இன்னொருவன் ஆட்சேபித்தான். சேவை என்பது வெளியாருக்குச் செய்வது. அதனால் அது பொருந்தவில்லை. ஒன்றரை மணிநேர விவாதத்துக்குப் பின், குளிர் தொடங்கிய நாளிலிருந்து இல்லத்தில் கெட்ட வார்த்தைகளின் புழக்கம் மிகுந்துள்ளமையால், கொதிகலன் பண்பின் கீழ் வரும் என்று தீர்மானித்து, தொகை ஒதுக்கப்பட்டது. யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி, அதிகாரமுள்ள பெரியவர்களுக்கு அனுப்பப்பட்டது.

பெரியவர் வியாழனன்று வந்தார். ஹோவர்ட் டிங்லி எங்கள் கிளையின் பழைய மாணவர், இல்லத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளையின் தலைவர், காப்பீட்டு முகவர். காரின் இயந்திரத்தை நிறுத்தாமல் வாசலில் ஓடவிட்டு, கூடத்தில் மென்மயிர்த் தொப்பியோடு நின்றபடியே உரையாற்றினார்.

"பசங்களா, குளிரப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. எழுபத்தெட்டுல எங்களுக்கும் இதே பாய்லர் நின்னுது. நாங்க அழுதோமா?"

"என்ன சார் பண்ணீங்க?" என்று வெஸ்லி ஆவலோடு கேட்டான்.

"எல்லாரும் ஹோட்டலுக்குப் போயிட்டோம். அப்பாமாரு பணம் கட்டினாங்க. அந்த ஹோட்டல்லதான்டா சகோதரத்துவம்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சுது." அவர் கண்கள் கலங்கின. "தம்பி, நீதானே பொருளாளர்? ஒண்ணு கேட்டுக்கோ. பணத்தைச் செலவு பண்றவன் பேரு பொருளாளர் இல்ல. காப்பாத்துறவன் பேருதான். இந்த நாப்பத்தோராயிரம் எப்படிச் சேந்துச்சுன்னு நினைக்கிற? முப்பத்தாறு வருஷமா நாங்க யாரும் இந்த வீட்டுல காசு குடுத்து எதையும் ரிப்பேர் பண்ணல. அந்தக் கட்டுப்பாடு உங்க தலைமுறைக்கு வரணும்."

"கீழ யாரையும் விட முடியலயே சார். திங்கக்கிழமை பூட்டிடுவாங்க."

"சின்ன விஷயம். அந்த மெக்கானிக்கைக் கௌரவச் சகோதரர் ஆக்கிடுங்க. உறுப்பினர் ஆயிட்டா உள்ள போகலாமே. எண்பத்தாறுல ஒரு வங்கி மேனேஜரை ஆக்கினோம். மறுவாரமே கடன் கிடைச்சுது."

"அவங்க பொம்பளை சார்."

டிங்லி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இதுக்குத் தலைமையகத்துலேர்ந்து ஆள் வரணும்," என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினார்.

தலைமையகம் வெள்ளிக்கிழமையே ஆள் அனுப்பியது. பிரெஸ்டன் லேதம், வயது இருபத்து மூன்று, கிளைகளின் நிதி ஆலோசகர். விமானக் கட்டணம், ஹோட்டல், சிற்றுண்டி எல்லாம் கிளையின் கணக்கில். கொதிகலனைப் பற்றி வெஸ்லி வாய் திறந்ததுமே அவர் கைகாட்டி நிறுத்தினார். அதற்கு முன் 'நிதி நலம்' என்னும் மூன்று மணிநேரப் பயிலரங்கம் நடத்தியாக வேண்டும். நாங்கள் தூக்கப் பைகளுக்குள் கழுத்துவரை புகுந்து வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

"பிரச்சினைங்கிற வார்த்தையையே நாங்க தலைமையகத்துல எடுத்துட்டோம்," என்று பிரெஸ்டன் தொடங்கினார். "போன வருஷம் பல கிளைகள்ல பிரச்சினை இருந்துச்சு. வார்த்தையை எடுத்ததும் ஒரு கிளையிலயும் இல்ல. அறிக்கையைப் பாத்தீங்கன்னாத் தெரியும். இப்ப ஆளுக்கொரு மஞ்சள் தாள் எடுத்து, பணம்னா உங்களுக்கு என்ன உணர்வு வருதுன்னு எழுதுங்க."

வெஸ்லி எழுதியதை அவர் சத்தமாகப் படித்தார். "'குளிருது.' நல்லா இருக்கு சகோதரா. நேர்மையா இருக்கு. ஆனா இது உணர்வில்ல, தகவல். தகவலுக்குத் தனிப் பயிலரங்கம் இருக்கு. மே மாசம்."

பயிலரங்கம் முடிந்தபின் அவர் டார்லீனை அழைக்கச் சொன்னார். டார்லீன் வந்தார், தொண்ணூற்றைந்து டாலர் ரசீதை முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்திருந்தார். பிரெஸ்டன் அவரைப் பார்க்கவில்லை. சன்னல் வழியாக அவருடைய வேனைப் பார்த்தார்.

"குபாட் அண்ட் சன்ஸ். அப்ப மகன்கள் இருக்காங்க."

"எங்க இருக்காங்க? நான் பொறக்குறதுக்கு முன்னாடியே எங்கப்பா போர்டு எழுதி வச்சிட்டாரு. அப்புறம் பெயிண்ட் செலவு எதுக்குன்னு விட்டுட்டாரு."

"சட்டப்படி கம்பெனி பேரு அதுதானே?"

"ஆமா."

பிரெஸ்டன் முற்றத்துக்குப் போய்த் தலைமையகத்தோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். கழகத்தின் சாசனம் ஆண்களை மட்டுமே அனுமதிக்கிறது. குபாட் அண்ட் சன்ஸ் என்னும் நிறுவனம், பெயரின்படி, ஆண்களால் ஆனது. எனவே நிறுவனத்தைச் சகோதரராக ஏற்கலாம். டார்லீன் அதன் பிரதிநிதியாக வரலாம். சேர்க்கைக் கட்டணம் முந்நூற்று எண்பத்தைந்து டாலர். கொதிகலனுக்கு எந்தத் தூண் என்று ஒன்றரை மணிநேரம் விவாதித்த கிளை, இதை அந்த இடத்திலேயே கட்டியது. தலைமையகத்துக்குச் செல்லும் பணத்துக்குத் தூண் தேவையில்லை என்பது விதி.

சனிக்கிழமை காலை சேர்க்கைச் சடங்கு. புதியவரைக் கண்ணைக் கட்டித்தான் சடங்கறைக்குள் அழைத்துவர வேண்டும். நான்கு சகோதரர்கள் டார்லீனின் தோளைப் பற்றி இறக்கிவந்து, அறையின் நடுவில், அதாவது கொதிகலனுக்கு அரையடி தள்ளி நிறுத்தினர்.

சேஸ் அங்கியும் முகமூடியும் அணிந்து, வேறு குரலில் கேட்டான்: "அந்நியனே, எதைத் தேடி வந்தாய்?"

"பாய்லரை."

வெஸ்லி பின்னாலிருந்து கிசுகிசுத்தான்: "ஒளியைன்னு சொல்லுங்க."

"ஒளியை. அப்புறம் பாய்லரை."

"இருளில் உன் கைக்கு எட்டுவது யாது?"

விடை 'என் சகோதரனின் கரம்' என்பதாகும். டார்லீன் கையை நீட்டினார். கை எதையோ தடவிக்கொண்டே போனது. "வால்வுதான்பா. உடைஞ்சு கிடக்கு. யாராச்சும் ஒரு ஸ்பானர் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல இதைக் கழட்டிடுறேன். கட்டை அவுக்கக் கூட வேணாம்."

"சடங்கு நடக்கும்போது இரும்புக் கருவி கூடாது!" என்று பிரெஸ்டன் கத்தினார். "இரும்பு ரெண்டாம் படிநிலையிலதான்!"

அனுமதியின்றிப் பேசியதற்காகக் குபாட் அண்ட் சன்ஸுக்குப் பத்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எஞ்சிய கேள்விகளுக்கு டார்லீன் "சரி" என்றே விடையளித்தார். கட்டு அவிழ்க்கப்பட்டது, சட்டையில் கழகச் சின்னம் குத்தப்பட்டது, முப்பது பேர் கைகுலுக்கினோம். வெஸ்லி கைகுலுக்கவில்லை, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தான்.

பெட்டியைத் திறப்பதற்குள் பிரெஸ்டன் சாசனத்தைத் திறந்துவிட்டார்.

"ஒரு சின்ன விஷயம். ஒரு சகோதரன் இன்னொரு சகோதரனுக்குச் செய்யிற வேலைக்குக் கூலி வாங்கக் கூடாது. பிரிவு ஒன்பது."

டார்லீன் நிமிர்ந்தார். "ஓசியிலயா?"

"சகோதரத்துவத்துல."

"ஆயிரத்து எண்ணூத்தறுபது டாலர் வேலைப்பா இது. பார்ட்ஸே எழுநூறு ஆகும்."

"பார்ட்ஸையும் நன்கொடையா ஏத்துக்குவோம். சான்றிதழ் தருவோம்."

"அப்ப நான் விலகிக்கிறேன்."

"விலகினா இந்த அறைக்குள்ள நிக்க முடியாது."

"நிக்கணும்னு யாரு கேட்டா?" டார்லீன் பெட்டியை மூடினார். படியேறும்போது வெஸ்லியைப் பார்த்து நின்றார். "நீதானப்பா போன் பண்ணது? உன்னப் பாத்தா பாவமா இருக்கு. ஆனா பாவம் பாத்து நான் வால்வு மாத்துறதில்ல, ராசா." அபராதத்தைக் கழித்துக்கொண்டு, எண்பத்தைந்து டாலருக்கு ரசீது எழுதிக் கொடுத்தார். சின்னத்தைத் திருப்பித் தரவில்லை.

அன்று பிற்பகல் சகோதரர்கள் ஒவ்வொருவராக நண்பர்கள் வீட்டுக்கும் காதலியர் அறைக்கும் புறப்பட்டுப் போயினர். சேஸ், இல்லத்தைக் காக்க யாராவது இருக்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசிவிட்டுப் போனான். வெஸ்லியும் நானும் அடுக்களையில் சூட்டடுப்பின் கதவைத் திறந்துவைத்து, அதன்முன் உட்கார்ந்திருந்தோம்.

திடீரென்று அவன் எழுந்தான். "டேய், அந்தம்மாவை ரூமுக்குள்ள கொண்டுபோக முடியலன்னா, ரூமை அங்கேர்ந்து எடுத்துட வேண்டியதுதானே?"

"புரியல."

"சடங்கறை கீழதான் இருக்கணும்னு எங்கயும் எழுதலடா. வேற எங்கயாச்சும் மாத்திட்டா, கீழ இருக்குறது வெறும் பேஸ்மென்ட். யாரு வேணா போலாம். கூலியும் வாங்கலாம்."

அந்த ஒரு வாரத்தில் கிளையில் பேசப்பட்ட முதல் அறிவார்ந்த கருத்து அது. ஹோட்டலில் நீச்சல் குளத்திலிருந்த பிரெஸ்டனை அழைத்துச் சொன்னோம். அவர் மகிழ்ந்தார், தேசிய நிதிக்குழு ஞாயிறன்று தொலைபேசியில் கூடி முடிவெடுக்கும் என்றார். குழு எதையும் எண்களைக் கொண்டே தீர்மானிக்கும். ஆகவே இல்லத்தின் எல்லா அறைகளுக்கும், ஒவ்வொன்றும் தரும் வாடகையோடு, ஓர் அட்டவணை வேண்டும்.

வெஸ்லி இரவு உணவுக்கு முன் அட்டவணையை முடித்தான். பதினேழு அறைகள். நான் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தினேன்.

"எல்லாத்தையும் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"என் ரூமைக்கூடப் போட்டுட்டேன். வாடகை பூஜ்யம்னு. எதையாவது மறைச்சா அதுக்கும் ஒரு பயிலரங்கம் வைப்பானுங்க." அவன் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. கல்லூரியின் ஆய்வாளர் வெப்பமானியோடு கூடத்தில் காத்திருந்தார். வெஸ்லியின் வற்புறுத்தலால் வந்திருந்த டார்லீன், வேனுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சகோதரர்கள் குளித்து, சவரம் செய்து, சிவந்த கன்னங்களோடு திரும்பியிருந்தனர். பிரெஸ்டன் தோலுறையிலிருந்து முத்திரையிட்ட தாளை எடுத்து, படிக்கட்டின் மூன்றாம் படியில் ஏறி நின்று வாசித்தார்.

"ஈட்டா உப்சிலான் ரோ கழகத்தின் தேசிய நிதிக்குழு, கார்விக் கிளைப் பொருளாளரின் விண்ணப்பத்தை ஆய்ந்து, ஒருமனதாக ஏற்கிறது. இக்கணம் முதல் நிலவறை சடங்கறை அன்று."

ஆரவாரம் எழுந்தது. வெஸ்லி தெருவுக்கு ஓடினான். டார்லீன் எவரிடமும் அனுமதி கேளாமல் நிலவறைக்கு இறங்கினார். இரும்பில் இரும்பு தட்டும் ஓசை கேட்டது. ஒரு வசவு கேட்டது. சற்று நேரத்தில் குழாய்கள் ஒவ்வொன்றாக முனகத் தொடங்கின. சேஸ் இதைத் தலைமைத்துவத்தின் வெற்றி என்று வர்ணித்தான். பதினொன்றே முக்காலுக்கு ஆய்வாளர் வெப்பமானியை உயர்த்திப் பார்த்து, "அறுபத்தொண்ணு. பூட்ட வேண்டியதில்ல," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். வெஸ்லி ஆயிரத்து எண்ணூற்று அறுபது டாலருக்குக் காசோலை எழுதினான். அதைக் கிழித்து டார்லீனிடம் கொடுத்தான்.

"இன்னொரு பத்தி இருக்கு," என்றார் பிரெஸ்டன்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"சடங்கறை இல்லாமல் ஒரு கிளை இருத்தல் ஆகாது. கிளையின் வருமானத்துக்கு ஒரு டாலரும் இழப்பு நேராத அறையைத் தேர்ந்தெடுக்குமாறு குழு தன்னைத்தானே பணித்துக்கொண்டது. பொருளாளர் அளித்த அட்டவணையின்படி அத்தகைய அறை ஒன்றே உளது. எனவே நான்காம் எண் அறை இன்று நண்பகல் முதல் சடங்கறையாக அர்ப்பணிக்கப்படுகிறது. அதனுள் உறங்குதலும் உண்ணுதலும் உடைமை வைத்தலும் ஆகா. துல்லியமான அட்டவணைக்காகப் பொருளாளரைக் குழு பாராட்டுகிறது."

கூடத்தில் சிலர் கைதட்டினர்.

"நாலாம் நம்பர் என் ரூமுங்க," என்றான் வெஸ்லி.

"தெரியும். அதனாலதான் நஷ்டமே இல்ல."

"நான் எங்க தங்குறது?"

"மத்த ரூம்ல தங்கலாம். அரையாண்டுக்கு ரெண்டாயிரத்து நானூறு. நீ போட்ட அட்டவணையிலயே இருக்கு."

"பொருளாளருக்கு வாடகை கிடையாதே?"

"நாலாம் நம்பர்ல கிடையாது. அந்தச் சலுகை அப்படியேதான் இருக்கு. குழு அதைத் தொடல." பிரெஸ்டன் அவன் தோளில் கைவைத்தார். "சகோதரா, நீ கேட்டது கிடைச்சிடுச்சு. எத்தனை பேருக்கு இப்படிக் கிடைக்குது?"

வெஸ்லி சேஸைப் பார்த்தான். சேஸ் நீர்ச்சறுக்குக்காரரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். வெஸ்லி என்னைப் பார்த்தான். நான் எழுதிக்கொண்டிருந்தேன். கருவிப் பெட்டியோடு ஓரமாக நின்றிருந்த டார்லீன் காசோலையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேனுக்குப் போனார்.

"குழுவுல ஏழு பேரும் போன்லயே சம்மதிச்சுட்டாங்க. முத்திரை அசல்," என்று பிரெஸ்டன் தாளை நீட்டினார். "வெறுங்கையால வாங்கணும். அதான் முறை."

வெஸ்லி கையுறைகளைக் கழற்றினான். இல்லம் அதற்குள் அவ்வளவுக்குச் சூடாகியிருந்தது. இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.